தாயின் நிழலும் தோழியின் மடலும்

அமெரிக்கத் தென்மாநிலமாகிய ஜோர்ஜியாவில் 1925இல் பிறந்தவர் பிளானரி ஓ'கொனர். தந்தையைப் பலிகொண்ட லூப்பஸ் நோய் இவரையும் பற்றவே, 1951 முதல் தாய் ரெஜினாவின் பால்பண்ணை புகலிடமாயிற்று. தாயின் உலகம் பண்ணை. மகளின் உலகம் எழுத்து.

1955இல் வெளிவந்த 'நல்ல நாட்டுப்புற மாந்தர்' என்னும் கதையில், காலொன்றை இழந்து தத்துவம் கற்ற மகள், தாயிட்ட பெயரையே துறக்கிறாள். தாயோ பழைய பெயராலேயே அழைக்கிறாள். ஆயினும் தாயை மட்டும் ஆசிரியர் சாடவில்லை. மகளின் அறிவுச் செருக்கும் அங்கே அடிபடுகிறது. தம்மையும் நகையாடிய அந்நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவ்வாண்டிலேயே பெற்றி ஹெஸ்டர் என்ற வாசகி மடல் வரைந்தார். சமயமும் இலக்கியமும் பேசிய அந்நட்பு, 1964இல் ஓ'கொனர் மறையும்வரை நீடித்தது. உடலைக் காத்தவர் தாய். உள்ளத்தின் தனிமையைத் தீர்த்தவர் தோழி. இருவருமின்றி அவ்வெழுத்து இல்லையென்பது என் துணிபு.