அடையாற்றுக்கு வந்த அன்னை

குழந்தைகளுக்குக் கற்பித்தோர் பலர். குழந்தைகளிடமிருந்து கற்றோர் மிகச் சிலர். அந்தச் சிலருள் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் அவர் பெயரைக் கண்டிருக்கிறோம். ஆனால், படிக்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடையேதான் அவருடைய கல்விமுறை பிறந்தது என்பதை அறிந்தோர் குறைவே.

இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நாளில் அங்கு மருத்துவம் பயின்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணக்கூறு ஆய்வு செய்வது பெண்ணுக்கு அழகன்று என்றனர். எனவே, மற்றவர் சென்றபின் தனியாக அதைப் பயின்றார். தடைகளைத் தாண்டி 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

உளநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது மனநோய் விடுதிகளுக்குச் செல்ல நேர்ந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அங்கேயே அடைக்கப்பட்டிருந்தனர். ஒரு விடுதியில், உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காப்பாளர் அருவருப்போடு காட்டினாராம். அம்மையார் கண்டதோ வேறு. அந்த வெற்று அறையில் தொட்டுப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் வேறு ஒரு பொருளும் இல்லை! குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று, கைகளின் பசி என்று உணர்ந்தார்.

காட்டில் அகப்பட்ட சிறுவனுக்குக் கற்பித்த பிரெஞ்சு மருத்துவர் இத்தார், அவர் வழிவந்த செகேன் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900இல் உரோமையில் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். பகலெல்லாம் கற்பித்தார், இரவில் கண்டவற்றைக் குறித்து வைத்தார். அப்பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்ற மாணவர் எழுதிய தேர்விலேயே வெற்றி பெற்றனர். ஊர் வியந்தது. அவரோ, இவர்களாலேயே இது இயலுமாயின் மற்றப் பிள்ளைகளை நம் பள்ளிகள் ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்திருக்கின்றன என்று எண்ணி வருந்தினார்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சான் லொரன்சோ என்னும் ஏழைகள் பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எடுப்பது, ஓசையின்றித் துடைப்பது, மடித்து வைப்பது என ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனர். ஏன்? மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களை ஏசியவர் பலர். துடைக்கும் முறையைக் காட்டியவர் அதுவரை ஒருவருமிலர்!

வணங்குதல், இருவருக்கிடையே இடிக்காமல் நடத்தல், பிறர் பேசி முடிக்கும்வரை பொறுத்தல், உதவி வேண்டுதல் ஆகியவற்றையும் அவர் பாடங்களாக்கினார். பிழை செய்த நேரத்தில் பலர்முன் திருத்துவது அவர் முறையன்று. அமைதியான வேறொரு வேளையில், சில சொற்களால், செய்து காட்டுவதே அவர் முறை.

அவர் வாழ்வில் மேடு பள்ளங்கள் இல்லாமலில்லை. மகன் மாரியோவைப் பிறர் வீட்டில் வளரவிட நேர்ந்தது. முசோலினி ஆட்சியின் ஆதரவைச் சில காலம் ஏற்று, பின்னர் முரண்பட்டு நாட்டை விட்டு நீங்கினார்.

1939இல் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்றுத் தம் 69ஆம் வயதில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டார் எனக் கருதப்பட்டு மகன் காவலில் வைக்கப்பட்டார். தாயின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. எனினும் அவருடைய 70ஆம் பிறந்தநாளில் மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கோடைக்கானலில் தங்கியும் அம்மையார் பணியை நிறுத்தவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஆலந்து நாட்டில் அவர் மறைந்தார்.

ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவர் கானர் விரிவாக எழுதியது 1943இல்தான். எனவே, இன்று நாம் அறிந்தவை அனைத்தையும் அம்மையார் அறிந்திருந்தார் எனல் பொருந்தாது. அவர் முறை எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுபோல் ஒத்துவரும் என்பதும் இல்லை. பேரொலியையும் தொடுகையையும் தாங்கமாட்டாத பிள்ளைகள் உண்டு. கண்ணை நோக்கிப் பேச இயலாதோரும் உண்டு. அவர்களை வற்புறுத்துவது கற்பித்தல் ஆகாது. ஆயினும் முதலில் குழந்தையை உற்றுநோக்கு, பின்னர் கற்பி என்னும் அவர் நெறி இன்றும் பழுதற்றது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆனால் சட்டம் வகுப்பறைக்குள் தானாக நடந்து வராது; ஆசிரியரோடுதான் வரவேண்டும். நம்மில் பலர் நாளை செந்துறையிலோ, வேப்பந்தட்டையிலோ, ஆண்டிமடத்திலோ கரும்பலகையின்முன் நிற்கப் போகிறோம். அழைத்தால் திரும்பாத ஒரு சிறுவனும், எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் ஒரு சிறுமியும் நம்முன் அமர்ந்திருக்கலாம். அவர்களை மக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அந்தச் சொல்லை நாவிலேயே நிறுத்தி, அவர்களுக்கு இதுவரை யாரும் செய்து காட்டாதது எது என்று தேடுவதே அன்னைக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.