விற்கப்பட்ட வாள்

வாள் ஒன்று விலைக்குப் போயிற்று. களத்தில் வீரம் காட்டியவனுக்குப் பரிசாக வந்த வாள்! கொடுத்தவர் பிரெஞ்சுத் தளபதி லபாயத். பெற்றவன் அமெரிக்க உழவன் டேனியல் ஷேஸ். ஏன் விற்றான்? வீட்டிலே வறுமை, வாசலிலே கடன்காரன். குற்றம் யாருடையது தோழர்களே, விற்றவனுடையதா? விற்க வைத்தவருடையதா?

மசாசூசெட்ஸ் மாநிலத்தில், 1747 வாக்கில் ஏழைக் குடிலில் பிறந்தவன் ஷேஸ். அயலார் வயலில் கூலிக்கு உழுதவன். 1775இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் மூண்டதும் ஏரை விட்டான், துப்பாக்கி எடுத்தான். பங்கர் குன்றில் போரிட்டான், சரட்டோகாவில் போரிட்டான், காப்டனாக உயர்ந்தான். 1780இல் பெல்லாம் என்ற சிற்றூருக்குத் திரும்பியபோது சம்பளம் பாக்கி; மிச்சம் கடன்!

ஆங்கிலேயன் போனான். வரி போயிற்றா? இல்லை, ஏறிற்று! போர்க்காலக் கடன் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்திருந்தனர் செல்வர்கள். அவர்களுக்கு முழுத் தொகையும் வட்டியும் தர வேண்டுமாம்! அதற்காக உழவன்மீது வரி. அதையும் நாணயமாகவே கட்டவேண்டும். உழவனிடம் தானியம் உண்டு, மாடு உண்டு. நாணயத்துக்கு எங்கே போவான்? நிலம் ஏலத்துக்குப் போயிற்று. ஆள் சிறைக்குப் போனான்.

மனுப் போட்டனர், பயனில்லை. 1786 ஆகஸ்டு 29இல் நார்த்தாம்ப்டன் நீதிமன்றத்தைச் சூழ்ந்து நின்று, அது கூடாதபடி தடுத்தனர். மன்றம் கூடாவிட்டால் தீர்ப்பில்லை. தீர்ப்பில்லாவிட்டால் ஜப்தி இல்லை! தொப்பியிலே பச்சை இலைக்கொத்து செருகி வந்த அந்த உழவர்களின் தலைவர்களில் ஒருவனானான் ஷேஸ்.

படை திரட்டக் கவர்னர் பௌடனிடம் பணமில்லை. பாஸ்டன் வணிகர்கள் பணப்பையைத் திறந்தனர்! ஏழையின் கடனுக்குத் தவணை தர மனமில்லாத ஊரில், ஏழையைச் சுடப் பணம் கிடைத்தது. தளபதி லிங்கன் தலைமையில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கிளம்பினர். அவர்கள் வந்து சேருமுன்பே, 1787 ஜனவரி 25இல் ஸ்பிரிங்பீல்டு ஆயுதச் சாலையை நோக்கிச் சென்ற உழவர்மீது அங்கிருந்த காவற்படையின் பீரங்கி முழங்கிற்று. நால்வர் மாண்டனர். பிப்ரவரியில், கொட்டும் பனியில், பீட்டர்ஷாம் ஊரிலே லிங்கன் படை எஞ்சியோரைச் சிதறடித்தது. ஷேஸ் வெர்மாண்டுக்குத் தப்பினான். விடுதலைக்குப் போராடியவன் தலைக்கு மரண தண்டனை! 1788இல்தான் மன்னிப்பு.

தோற்றானா ஷேஸ்? களத்தில், ஆம். ஆனால் அதே 1787ஆம் ஆண்டுத் தேர்தலில் பௌடன் படுதோல்வி அடைந்தார்; ஹான்காக் கவர்னரானார். வரி குறைந்தது, கடன்காரர் பிடி தளர்ந்தது. துப்பாக்கி திறக்காத கதவை ஓட்டு திறந்தது! அந்தக் கோடையில் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் வகுத்த பெரியவர்கள் வலுவான மத்திய அரசை நாடியதற்கு, இந்த உழவர் எழுச்சி தந்த அச்சமும் ஒரு காரணம்.

1825இல், நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழையாகவே மறைந்தான் ஷேஸ். வாளை விற்றான், மானத்தை விற்கவில்லை. அதனால்தான் அவனை நாம் நினைக்கிறோம்.