ஒரே ஓட்டத்தால் உலகறிந்தவர்
ஸ்பிரிடோன் லூயிஸ் சரித்திரச் சுருக்கம்

அரசர், புலவர், படைத்தலைவர் முதலியோருடைய சரித்திரங்களை நாம் பலகாலும் கற்றிருக்கிறோம். அன்னாருடைய புகழ் ஆயுள் முழுவதும் செய்த அருஞ்செயல்கள் பலவற்றால் வந்ததாகும். ஒருநாட் பிற்பகலில், மூன்று மணி நேரத்திற்குச் சிறிது குறைவான காலத்தில், ஒரேயொரு முறை ஓடிய ஓட்டத்தினால் உலகப் புகழெய்தி, பின்னர் அப்புகழை விலைபேசாது தம் சிற்றூருக்கே மீண்டு சென்ற ஓர் ஏழைத் தொழிலாளியின் சரித்திரமோ மிக அருமையாகவே காணப்படுவது. கிரேக்க தேசத்து ஸ்பிரிடோன் லூயிஸ் என்பாரது வரலாறு அத்தகையது. நீண்ட ஓட்டத்திற்கென முறையான பயிற்சி அதிகம் இல்லாதவர் முதன் முறையாக அதனை மேற்கொள்ளும்போது, அவருக்குத் துணையாவது யாது, இடையூறாவது யாது என்பதை இவ்வரலாறு நன்கு விளக்குமாதலின், அதனைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தோம்.

லூயிஸ் 1873-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ம் தேதி, ஏதென்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள மாரூஸி என்னும் கிராமத்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். அக்காலத்தில் ஏதென்ஸ் நகரில் நல்ல குடிநீர்க்குப் பெருங் குறைவிருந்தது. மாரூஸியிலோ நல்ல ஊற்றுநீர் உண்டு. அவருடைய தந்தையார் அந்நீரை நகரத்திற்குக் கொண்டு சென்று விற்று ஜீவனம் செய்துவந்தார். மைந்தரும் வயது வந்தபின் அத்தொழிலில் தந்தையார்க்கு உதவியாயினார். நீர்ப் பாரத்தைக் கோவேறு கழுதையின்மேல் ஏற்றிவிட்டு, அதனோடு தாமும் நடந்தும் ஓடியும் நகருக்குப் போய் மீள்வது அவருடைய வழக்கம் என்பர். பந்தயம் என்னும் சொல்லைக் கேளாத காலத்திலேயே அவருடைய கால்களும் மூச்சும் இவ்வாறு பழகிவந்தன.

பின்னர் அவர் அத்தேசத்து வழக்கப்படி ராணுவத்தில் சேவை புரிந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாயிருந்தவர் பாபாடியமாண்டோபூலோஸ் என்னும் கர்னல். இவரே பின்னர் மாரத்தான் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை ஏற்றவர் ஆதலின், இவருடைய பெயரை வாசகர் நினைவில் வைத்தல் நன்று.

நிற்க. பண்டைக் கிரேக்கரின் ஒலிம்பிக் விளையாட்டுக்களைப் புதுப்பிக்க வேண்டுமென்று பிரஞ்சு தேசத்துப் பிரபுவாகிய பியர் தெ கூபெர்த்தேன் என்பவர் முயன்றதன் பயனாக, 1896-ம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் முதல் விழா நடைபெற்றது. அலெக்ஸாந்திரியாவில் வணிகம் செய்து பெரும் பொருளீட்டிய ஜார்ஜ் அவெரோப் என்னும் கிரேக்கச் செல்வர் உதவிய பணத்தால், பழைய விளையாட்டு மண்டபம் சலவைக்கல்லால் மீண்டும் அமைக்கப்பட்டது. கூபெர்த்தேனுடைய நண்பரும் மொழிநூல் வல்லுநருமாகிய மிஷெல் பிரேயால் என்பவர், மாரத்தான் என்னும் ஊரினின்றும் ஏதென்ஸ் வரையில் ஓர் ஓட்டம் நிகழவேண்டுமென்றும், வெல்பவர்க்குத் தாமே வெள்ளிக் கிண்ணம் ஒன்று அளிப்பதாகவும் தெரிவித்தார். கி. மு. 490-ல் மாரத்தான் வெளியிற் பாரசீகரை வென்ற செய்தியைத் தூதனொருவன் ஓடிவந்து அறிவித்து உயிர்நீத்தான் என்னும் கதையே இதற்கு மூலம். ஹெரொடோட்டஸ் என்னும் பழைய சரித்திராசிரியர் கூறுவது, பைடிப்பிடஸ் என்னும் தூதன் அப்போருக்கு முன் உதவி வேண்டி ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான் என்பதே. ஏதென்ஸுக்கு ஓடி மாண்ட கதை பல நூற்றாண்டுகள் கழித்து எழுதினோரால் வந்தது. எனினும் கிரேக்க மக்களின் உள்ளத்தை அக்கதை முற்றிலும் கவர்ந்திருந்தது. இவ்வோட்டத்திலாவது தம் நாட்டவர் ஒருவர் வெல்லவேண்டுமென்று யாவரும் ஏங்கினர்.

போட்டிக்குரிய வீரரைத் தெரிந்தெடுக்கும் பொருட்டு 1896-ம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே இரு பரீட்சை ஓட்டங்கள் நடந்தன. முதலாவதில் வாஸிலாகோஸ் என்பவர் 3 மணி 18 நிமிஷத்தில் ஓடி வென்றார். இரண்டாவதில் ஓடிய லூயிஸ் ஐந்தாவதாகவே வந்தார். அவருடைய பழைய கர்னலே அவரைப் போட்டியிற் சேருமாறு தூண்டினார் என்பது வழிவழி வந்த செய்தி. ஐந்தாவதாக வந்த ஒரு நீர் விற்போரை எவரும் பெரிதாக மதித்திலர்.

ஓட்டம் நிகழ்ந்த நாள் 1896-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. கிரேக்கர் அந்நாளில் கைக்கொண்டிருந்த பழைய பஞ்சாங்கப்படி அது மார்ச்சு 29. பிற்பகல் இரண்டு மணியளவில் மாரத்தான் பாலத்தருகே 17 வீரர் நின்றனர். அவருள் 13 பேர் கிரேக்கர். மற்றை நால்வர் பிரான்ஸ், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஹங்கேரி தேசத்தவர். ஓடவேண்டிய தூரம் 40 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 25 மைல். இன்று வழங்கும் 42.195 கிலோமீட்டர் என்னும் அளவு 1908-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதலில் ஓடப்பெற்று, 1921-ல் நிலைபெற்றதாகும்.

தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்து லெர்மூஸியோ என்பவர் அம்பென விரைந்து யாவரையும் பின்னிட்டார். அவர்க்குப் பின் ஆஸ்திரேலியரான எட்வின் பிளாக்கும், அமெரிக்கரான ஆர்தர் பிளேக்கும் சென்றனர். 1500 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பிளாக்குக்கும், இரண்டாமிடம் பிளேக்குக்கும், மூன்றாமிடம் லெர்மூஸியோவுக்கும் கிடைத்திருந்தன. பிளாக் முந்தின நாளில்தான் 800 மீட்டர் ஓட்டத்திலும் வென்றிருந்தார். ஆகவே இம்மூவரும் தேர்ந்த ஓட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் தேர்ந்தது குறுகிய தூரத்திலேயாம். நாற்பது கிலோமீட்டர் தூரத்திற்கு மூச்சையும் வலிமையையும் எங்ஙனம் பங்கிடுவது என்பதை அவர்கள் அறிந்திலர்.

லூயிஸ் பின்வரிசையிலேயே தம் நடையிற் பிறழாமல் ஓடிவந்தார். வழியிலுள்ள பிக்கெர்மி என்னும் ஊரில் ஒரு கிண்ணம் திராட்சரசம் வாங்கிப் பருகி, முன்னே செல்வோர் எவ்வளவு தூரத்திலுள்ளார் என வினவி, அவரனைவரையும் தாம் கடப்பது திண்ணமென்று சொல்லிச் சென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், பின்னர் நிகழ்ந்தவை உறுதியானவை. பாதையோ கடற்கரைச் சமவெளியை விட்டு மேட்டின்மேல் ஏறத் தொடங்கிற்று. 23-வது கிலோமீட்டரில் பிளேக் ஓய்ந்தார். 32-வது கிலோமீட்டரில் லெர்மூஸியோ நின்றுவிட்டார். முதலிடம் பிளாக்குக்கு வந்தது. லூயிஸோ சிறிது சிறிதாக அவரை நெருங்கினார். ஏறத்தாழ 37-வது கிலோமீட்டரில் பிளாக்கும் சோர்ந்து விழுந்தார்.

இதன் காரணத்தை இக்காலத்து உடல்நூலார் தெளிவாகக் கூறுவர். நம் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரைச் சத்தே வேகமான ஓட்டத்திற்கு முதன்மையான எரிபொருள். அது பெரும்பாலோர்க்கு முப்பது கிலோமீட்டர் அளவில் குறைந்துபோகும். தொடக்கத்தில் அதிக வேகமாய் ஓடுவோர்க்கு அதற்கு முன்பே குறையும். குறைந்தபின் மனவுறுதி எவ்வளவு இருப்பினும் கால்கள் ஏவல் கேளா. லூயிஸ் இவ்விஞ்ஞானத்தைக் கற்றவரல்லர். ஆனால் தொலைவழி செல்பவன் முதலிலேயே விரையலாகாது என்பதைத் தம் தொழிலால் அறிந்திருந்தார்.

விளையாட்டு மண்டபத்திலோ ஜனங்கள் பெருங் கவலையுற்றிருந்தனர். அதுகாறும் நடந்த ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகிய போட்டிகளுள் ஒன்றிலேனும் கிரேக்கர் முதன்மை பெற்றாரில்லை. பிளாக் முன்னே வருகின்றார் என்று மிதிவண்டியில் வந்த ஒருவர் சொன்ன செய்தி அவர்களை மேலும் வாட்டியது. சிறிது நேரத்தில் கர்னல் பாபாடியமாண்டோபூலோஸ் குதிரைமேல் விரைந்து வந்து, கிரேக்கரே முன்னே வருகின்றார் என்று அறிவித்தார். உடனே எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. புழுதி படிந்த மேனியினராய் லூயிஸ் உள்ளே புகுந்தபோது, இளவரசர்களாகிய கான்ஸ்டன்டைனும் ஜார்ஜும் இறங்கிவந்து அவருடன் இறுதிவரை ஓடினர். அவர் எடுத்துக்கொண்ட காலம் 2 மணி 58 நிமிஷம் 50 விநாடி. ஏழு நிமிஷங்களுக்குப் பின்னரே வாஸிலாகோஸ் இரண்டாவதாக வந்தார்.

மூன்றாவதாக வந்தவர் பெலோகாஸ் என்னும் கிரேக்கர். நான்காவதாக வந்த ஹங்கேரியரான கெல்னர், பெலோகாஸ் வழியிற் சிறிது தூரம் வண்டியேறி வந்தார் என்று முறையிட்டார். அது மெய்யென விளங்கவே, மூன்றாமிடம் கெல்னருக்கு வழங்கப்பட்டது. ஒரே பாதையில், ஒரே நாளில், ஒருவர் நிலைத்த புகழையும் மற்றொருவர் நிலைத்த பழியையும் தேடிக்கொண்டமை காண்க.

வெற்றிக்குப்பின் நாட்டார் பலரும் லூயிஸுக்குப் பரிசுகள் அளிக்க முன்வந்தனர். அரசர் அவரை நோக்கி வேண்டியதைக் கேட்குமாறு சொன்னபோது, நீர் கொண்டுசெல்ல ஒரு வண்டியும் அதனை இழுக்க ஒரு விலங்குமே போதும் என்று அவர் கேட்டார் என்பர். அதன்பின் அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடினாரில்லை. மாரூஸிக்கே மீண்டு, உழவராகவும், பிற்காலத்தில் ஊர்க் காவலராகவும் வாழ்ந்தார்.

ஆயினும் புகழ் ஒருவனைத் துன்பத்தினின்றும் காக்கும் அரணன்று. 1926-ம் ஆண்டில் ராணுவப் பத்திரங்களைத் திருத்தினார் என்ற குற்றம் சாட்டப்பெற்று லூயிஸ் சிறைப்பட்டார். ஓராண்டிற்கு மேல் சிறையிலிருந்தபின், 1927-ல் குற்றமற்றவரென்று விடுதலை பெற்றார். ஒருகால் இளவரசர் உடன் ஓட நின்ற அவர், ஐம்பது வயது கடந்தபின் சிறையில் நாட்களை எண்ணியிருக்க நேர்ந்தது. மூன்று மணி நேர ஓட்டத்தினும் நீண்ட பொறுமையை இது வேண்டிற்று.

1936-ம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் விழாவுக்கு அவர் விருந்தினராக அழைக்கப்பட்டார். கிரேக்கரின் தேசிய உடையணிந்து சென்று, ஒலிம்பியாவினின்றும் கொண்டுவந்த ஒலிவக் கிளையை, சமாதானத்தின் அடையாளமாகிய அதனை, ஹிட்லரிடம் அளித்தார். அளித்த கையின் கருத்து வேறு, பெற்ற கையின் கருத்து வேறு. 1940-ம் ஆண்டு மார்ச்சு 26-ந் தேதி லூயிஸ் காலஞ்சென்றார். அவ்வாண்டு அக்டோபரிலேயே கிரேக்க தேசம் போர்க்களமாயிற்று. அவர் பிறந்த மாரூஸியில் 1982-ல் திறக்கப்பெற்ற பெரிய விளையாட்டரங்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2004-ம் ஆண்டு ஒலிம்பிக் விழா அங்கு நிகழ்ந்தது. பிரேயால் அளித்த வெள்ளிக் கிண்ணம் 2012-ல் லண்டனில் ஏலத்தில் ஐந்து லக்ஷம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அதனை வென்றவரோ ஒரு நீர்வண்டியே பெரிதென எண்ணியவர்.

இக்காலத்தில் 21 கிலோமீட்டருக்குச் சிறிது மேற்பட்ட அரை மாரத்தான் என்னும் ஓட்டத்தில், போதிய பயிற்சியில்லாமலே ஆர்வத்தால் மாத்திரம் புகும் இளைஞர் பலர் உளர். லூயிஸும் பயிற்சியின்றியே வென்றார் என்று அவர்கள் தேறுதல் சொல்லிக்கொள்வராயின், அது தவறாகும். அவர் பயிற்சியாளர் ஒருவரிடம் பயின்றிலரே யன்றி, நாடோறும் நெடுவழி சென்று பயின்றவரே. அவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு: தம் அளவறிந்து தொடங்குதல் ஒன்று; பிறர் விரைந்து முந்தும்போது உள்ளம் தளராது தம் நடையைக் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் உடையவர் முதல் ஓட்டத்திற் கடைசியாகவே வரினும் இழுக்கில்லை. அன்னார் வண்டியேறாமல், தம் காலாலேயே எல்லையைச் சேர்வர்; வாழ்க்கையிலும் அவ்வாறே சேர்வர்.