கண் பிரச்னையால் கனவை விட்டவர்... துல்லியத் தராசு செய்த கதை!

உத்திரமேரூர் போனீங்கன்னா, வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. குடவோலை முறைக்குப் பேர்போன அந்தச் சுவரில், 'பொன் வாரியம்' பற்றியும் குறிப்பு இருக்கு. பொன் விவகாரத்துக்குன்னே ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல தனிக் குழு! பொன்னும் வெள்ளியும் கைமாறும் இடத்தில் நம்பிக்கை முக்கியமாச்சே. அந்த நம்பிக்கைக்காகத் தராசோடு மல்லுக்கட்டிய ஒருத்தரைத் தெரியுமா உங்களுக்கு?

அவர் ஜேம்ஸ் பிரின்செப். 1799-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டடக் கலைஞர் ஆகணும்னு படிச்சார். கண்ணில் பாதிப்பு வந்ததால் அந்தக் கனவை விட வேண்டியதாச்சு. பிறகு லண்டன் நாணயச்சாலையில் உலோகப் பரிசோதனை கற்று, 1819-ல் கல்கத்தா வந்தார். அடுத்த வருஷமே காசி நாணயச்சாலையில் பரிசோதனை அதிகாரி!

வெள்ளியின் மாற்றை எப்படிப் பார்ப்பாங்க? துளியூண்டு வெட்டி, எடைபோட்டு, ஈயத்தோடு உருக்குவாங்க. கலந்திருக்கும் செம்பு பிரிஞ்சுடும். மிஞ்சிய வெள்ளியை மறுபடி எடைபோட்டா சுத்தம் தெரிஞ்சுடும். அந்தத் துளியில் எடை பிசகினா, மொத்த வெள்ளியின் கணக்கும் பிசகும். அதனால் பிரின்செப் தானே ஒரு தராசை வடிவமைத்தார். அது சுமார் 0.19 மில்லிகிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டியது. ஓர் அரிசியைக் கிட்டத்தட்ட நூறு பங்கா பிரிச்சா, அதில் ஒரு பங்கு!

விட்டுப்போன கட்டடக் கனவும் சும்மா இருக்கல. காசியில் கழிவுநீர் வெளியேறச் சுரங்கக் கால்வாய், கர்மநாசா ஆற்றில் கல் பாலம்னு பொறியியல் வேலைகளும் பார்த்தார்.

அன்னிக்கு இந்தியாவில் ஊருக்கு ஒரு ரூபாய். மாத்தப் போனா, சராப்புக் கடைக்காரர் வட்டம் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவார். நஷ்டம் சாமானியருக்கு. ஒரே எடை, ஒரே மாற்று வேணும்னு பிரின்செப் வாதாடினார். 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கு ஒரே ரூபாய் வந்தது. அதன் எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம்.

பழைய நாணயங்களை ஆராய்ந்தவரை, அவற்றில் இருந்த எழுத்துகளும் இழுத்தன. யாருக்கும் புரியாமல் கிடந்த அசோகர் காலத்துப் பிராமி எழுத்தை, 1837 வாக்கில் படித்துக் காட்டினார். இன்னிக்குக் கீழடிப் பானை ஓட்டில் தமிழி எழுத்தைப் படிக்கிறோமே, அதற்கான பாதையும் அங்கேதான் திறந்தது.

ஓயாத உழைப்பு. 1838-ல் கடும் தலைவலியோடு படுத்தவர், லண்டன் திரும்பி 1840-ல் இறந்தார். வயசு வெறும் 40.

அடுத்த முறை நகைக்கடைத் தராசில் புள்ளிக்குப் பின்னால் ஓடும் எண்களைக் கவனிங்க. அந்தக் கடைசி எண்ணுக்காக மெனக்கெட்ட மனுஷன் ஞாபகத்துக்கு வரட்டும்.