ஏதிலிகளின் மொழிக்கு இல்லம் அமைத்தவர்
(பாதிரியார் ஆரத்தூன் சுமவோன் வாழ்வும் பணியும்)

முன்னுரை

வடசென்னை வந்தாரை ஏற்ற நிலம். இராயபுரத்தில் 1910ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற பார்சிகளின் வழிபாட்டு இல்லம், பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் பாரசீகத்தை விட்டுக் குஜராத்துக் கரையில் புகலடைந்தோரின் வழித்தோன்றல்களுடையது. 1960களில் பர்மாவில் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாக்கப்பெற்றபோது, தலைமுறை தலைமுறையாகத் தேடிய செல்வத்தை அங்கேயே விட்டுக் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கி, வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பகுதியிலும் குடியமர்ந்தன. அவர்களுள் இஸ்லாமியக் குடும்பங்களும் பலவாகும். துறைமுகத்தை அடுத்து அவர்கள் நிறுவிய பர்மா பஜார் இன்றும் நிலைபெற்றுள்ளது.

அப்பஜாரிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் அரண்மனைக்காரத் தெருவை அடையலாம். அத்தெருவில் அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மேனியக்காரர் தெரு என்று வழங்கிய பெயரே, பொருள் மறந்த மக்களின் நாவில் தேய்ந்து திரிந்து, தாம் அறிந்த சொல்லோடு இயைந்து அரண்மனைக்காரத் தெருவாயிற்று. ஒரு சமூகம் மறைந்து, அதன் பெயரும் உருமாறி நிற்பதற்கு இத்தெரு நல்லதொரு சான்று. அத்தெருவின் ஆர்மேனியத் தேவாலய வளாகத்தில் துயிலும் ஒருவரே, உலகின் முதல் ஆர்மேனிய இதழை வெளியிட்ட பாதிரியார் ஆரத்தூன் சுமவோன். ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்பது அவர்தம் மக்கள் வழங்கும் பெயர். நாடிழந்த மக்கள் புதிய நாட்டில் வாழ்வை மீண்டும் கட்டியெழுப்புங்கால், வீடும் கடையும் மட்டுமன்றி மொழியும் கட்டியெழுப்பப்பெற வேண்டும் என்பதை அவர்தம் வாழ்வின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேரோடு பெயர்க்கப்பெற்ற மக்கள்

ஆர்மேனியர் தொன்மையான மொழியுடைய மக்கள். அவர்தம் நெடுங்கணக்கு கி.பி. 405 வாக்கில் மெசுரோப் மாஷ்டொட்ஸ் என்னும் துறவியால் வகுக்கப்பெற்றது. அரசுகள் பல அவர்தம் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டபோதும் அவ்வெழுத்தும் சமயமுமே அவர்களை ஓரினமாகக் காத்து நின்றன.

1604-05ஆம் ஆண்டுகளில், உதுமானியரோடு நிகழ்த்திய போரின்போது, பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஆராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்ஃபா நகர மக்களை அவர்தம் ஊரினின்றும் அப்புறப்படுத்தினார். நகர் அழிக்கப்பெற்றது. ஆற்றைக் கடக்கையிலும் வழிநடையிலும் எண்ணற்றோர் மாண்டனர். எஞ்சியோர் இஸ்ஃபஹான் நகருக்கு அருகில் குடியமர்த்தப்பெற்றனர். அவர்கள் தம் புதிய ஊருக்குப் புது ஜுல்ஃபா என்று பெயரிட்டனர். இழந்த ஊரின் பெயரைப் புதிய ஊருக்கு இடுதல் ஏதிலிகளின் முதல் உரிமை போலும்! பட்டு வணிகத்தில் அவர்கள் மீண்டும் தழைத்தனர். 1638ஆம் ஆண்டில் அங்கு ஆர்மேனிய அச்சுக்கூடமும் தோன்றியது. ஆயின் 1722இல் ஆப்கானியரின் முற்றுகையும், பின்னர் நாதிர் ஷாவின் வரிக்கொடுமையும் அவர்களை மீண்டும் சிதறடித்தன. அவருள் பலர் இந்தியத் துறைமுகங்களை நாடினர்.

சென்னையில் அவர்கட்கு முன்பே இடம் இருந்தது. 1688ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மேனிய வணிகரோடு செய்துகொண்ட உடன்படிக்கை வணிக உரிமையையும் வழிபாட்டு உரிமையையும் அவர்கட்கு அளித்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டுவித்த கோஜா பெத்ரூஸ் உஸ்கான் இச்சமூகத்தவரே. பாரசீகமும் ஆர்மேனியமும் பொறித்த கல்வெட்டு அப்பாலத்தின் நினைவாக எஞ்சியது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, புதுச்சேரிக்குக் குடிபெயர மறுத்த அவர் தம் உடைமைகளை இழந்து தரங்கம்பாடியில் புகலடைய நேர்ந்தது. 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமானபின், கோட்டைக்குள் வாழ்ந்த ஆர்மேனியர் பலர் ஐயுறவுக்கு ஆளாகித் தம் வீடுகளை இழந்தனர். ஜுல்ஃபாவில் ஒருமுறை, இஸ்ஃபஹானில் ஒருமுறை, சென்னையில் ஒருமுறை என இவ்வாறு மும்முறை இடம்பெயர்ந்த மக்களே கோட்டைக்கு வடக்கே, இன்றைய ஜார்ஜ் டவுனில், 1772ஆம் ஆண்டு புதிய தேவாலயத்தை எழுப்பினர்.

ஷீராஸ் தந்த கல்வி

சுமவோன் 1750ஆம் ஆண்டு பாரசீகத்தின் ஷீராஸ் நகரில் பிறந்தார். சஅதியும் ஹாஃபிஸும் துயிலும் அந்நகரின் பெருமையைத் தமிழ் முஸ்லிம்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கரீம் கான் ஸந்து அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட காலம் அது. ஆர்மேனிய மரபில் பாதிரியார்கள் இல்லறம் நடத்துதற்குத் தடை இல்லை. சுமவோனும் மனைவி மக்களோடு வாழ்ந்தவரே.

அவ்வில்லறத்தில் பேரிடி ஒன்று விழுந்தது. புதல்வர் இருவரையும் அவர் ஒருசேரப் பறிகொடுத்தார். துயரம் தாங்காது உலக வாழ்வினின்றும் ஒதுங்கிய அவர், ஏழாண்டுக் காலம் பாரசீகத் தர்வேஷ்களோடு தங்கினார். புத்திரசோகத்தால் நொறுங்கிய கிறித்தவப் பாதிரியார் ஒருவருக்கு இஸ்லாமியத் துறவியரின் தைக்கா நிழல் தந்தது. அங்கே அவர் பாரசீக மொழியை ஐயந்திரிபறக் கற்றார். துயரத்தினின்றும் தப்பிச் சென்ற இடத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு மொழி என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது. அம்மொழியறிவு பின்னாளில் அவருக்குக் கைகொடுத்ததை மேலே காண்போம்.

கடற்கரைப் பட்டினத்தில்

1779இல் கரீம் கான் மறைந்தபின் பாரசீகம் உள்நாட்டுப் பூசலில் வீழ்ந்தது. 1784ஆம் ஆண்டு சுமவோன் சென்னை ஆர்மேனியத் தேவாலயத்தின் பாதிரியாராகப் பொறுப்பேற்றார். அவர் வணிகராக வரவில்லை. பலமுறை வேரறுக்கப்பெற்ற மக்கட்கு வழிகாட்டியாக வந்தார்.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கட்டப்பெறவில்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிடும். மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே அலைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். இவ்வூரில் வந்திறங்கிய எந்த ஏதிலியும் முதலில் கண்டது, படகு வலித்த வடசென்னை மீனவரின் கைகளையே எனலாம்.

சென்னை ஆர்மேனியர் செல்வத்திற் குறைந்தவர் அல்லர். ஆகா ஷாஹாமீர் ஷாஹாமீரியன் என்னும் பெருவணிகர் 1772இலேயே இங்கு ஓர் அச்சுக்கூடம் நிறுவி, தம் தாயகம் விடுதலை பெற வேண்டும் என்னும் நோக்கில் நூல்கள் வெளியிட்டார். விடுதலை பெற்ற ஆர்மேனியாவுக்குரிய அரசியல் சட்ட வரைவு ஒன்றும் அவ்வகையில் உருவாயிற்று. இல்லாத நாட்டுக்குச் சட்டம் வகுத்த ஊர் நம் சென்னை! எனினும் செல்வம் ஒரு தலைமுறையைக் காக்கும். அடுத்த தலைமுறை எம்மொழியில் சிந்திக்கும் என்பதே பாதிரியாரின் கவலையாயிற்று. சந்தையில் தமிழும் தெலுங்கும், கோட்டையில் ஆங்கிலம், நவாபின் அவையில் பாரசீகம் என்று வழங்கிய ஊரில், ஆர்மேனியச் சிறார்க்குத் தாய்மொழி வழிபாட்டு மொழியாக மட்டும் சுருங்கிவிடும் ஏதம் இருந்தது.

அச்சுக்கூடமும் இதழும்

1789ஆம் ஆண்டு சுமவோன் தமக்கென ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். ஆர்மேனிய எழுத்துகளைத் தாமே உருவாக்கினார். சமய நூல்களும் பிற நூல்களும் அங்கிருந்து வெளிவந்தன. பாதிரியாராகவும் பதிப்பாளராகவும் ஒருங்கே உழைத்தவர் அவர்.

அவ்வுழைப்பின் உச்சமே 1794ஆம் ஆண்டு அக்டோபரில் தோன்றிய அஸ்தரார் என்னும் திங்களிதழ். அறிவிப்போன் என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். உலகில் எங்கணும் அதற்கு முன்னர் ஆர்மேனிய மொழியில் இதழ் வெளிவந்ததில்லை. சென்னையின் முதல் ஆங்கிலச் செய்தித்தாளான மெட்ராஸ் கூரியர் தோன்றியது 1785இல். தமிழின் முதல் இதழாகக் கருதப்பெறும் தமிழ் மேகசின் வெளிவந்தது 1831இல். ஆகவே, நம் சென்னையில் தமிழுக்கு இதழ் தோன்றுதற்கு 37 ஆண்டுகட்கு முன்னரே, கடல் கடந்து வந்த ஒரு சிறு கூட்டம் தன் மொழியில் இதழ் நடத்தியது. தமிழ் பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

இதழின் உள்ளடக்கமும் நோக்கத்தக்கது. கப்பல்களின் வரவு செலவு, சரக்குகளின் விலை, விளம்பரம், பிறப்பு இறப்புச் செய்திகள், ஆங்கிலத் தாள்களினின்றும் பெயர்த்த உலக நடப்பு, பாரசீகத்தில் எஞ்சிய உறவினரைப் பற்றிய கடிதங்கள், தம் இனத்தின் பழைய வரலாறு ஆகியன அதில் இடம்பெற்றன. வணிகன் விலைவாசி அறியவே இதழை விரிப்பான். விரித்தவன் தன் முன்னோர் வரலாற்றையும் படித்தே மூடுவான். வாழ்க்கைத் தேவையோடு மொழியைப் பிணைத்தாலன்றி மொழி வாழாது என்பதைப் பாதிரியார் நன்குணர்ந்திருந்தார்.

ஆயினும் உறுப்பினர் சிலரே. இதழைத் தாங்கும் அளவுக்குப் பொருள் சேரவில்லை. 18 இதழ்களோடு 1796ஆம் ஆண்டு மார்ச்சில் அஸ்தரார் நின்றுபோயிற்று. பதினெட்டே திங்கள் வாழ்ந்த இதழ் என்று அதனை இகழ்தல் இயலாது. ஒரு மொழியில் இதழ் நடத்த முடியும் என்று முதலில் காட்டியதே அதன் வெற்றி.

நவாபின் இசைவு

பாதிரியாரின் பாரசீகப் புலமை வீண்போகவில்லை. அரபு, பாரசீக நூல்களையும் தம் அச்சுக்கூடத்தில் அச்சிட அவர் விரும்பினார். 1795ஆம் ஆண்டு வாக்கில் ஆர்க்காட்டு நவாப் அதற்கு இசைவளித்தார். தர்வேஷ்களிடம் பாரசீகம் கற்ற கிறித்தவப் பாதிரியார், முஸ்லிம் நவாபின் இசைவோடு முஸ்லிம்களின் மொழிகளில் நூல் அச்சிட முற்பட்டது சென்னையின் சமய நல்லிணக்க வரலாற்றில் சிறிதேனும் பேசப்பெற வேண்டிய செய்தி.

இது நமக்குப் புதிதன்று. மக்கத்துக் கொடுமைக்கு ஆற்றாது கி.பி. 615இல் அபிசீனியா சென்ற முதல் முஸ்லிம்களுக்குப் புகலளித்தவர் நஜ்ஜாஷி என்னும் கிறித்தவ மன்னர். பின்னர் மதீனத்து அன்சாரிகள் முஹாஜிர்களுக்குத் தம் இல்லத்திலும் தோட்டத்திலும் பங்களித்தனர். ஹிஜ்ரத்தை ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகக் கொண்ட சமுதாயம், புகல் நாடி வருவோரின் மனநிலையை உணராதிருத்தல் தகாது. உணவும் உறையுளும் அளிப்பது முதற்கடமை. வந்தவர் தம் மொழியில் பேசவும் எழுதவும் இடமளிப்பது அதனினும் நுண்ணிய கடமை. நவாபின் இசைவும், இந்நகரின் பொறுமையும் அவ்வகையின.

இறுதிக் காலம்

இதழ் நின்றபின்னும் பாதிரியார் சென்னையை விட்டு நீங்கவில்லை. 1784 தொடங்கி நாற்பதாண்டுகள் அதே தேவாலயத்தில் பணியாற்றினார். அவர்தம் கண்முன்னரே நவாபின் ஆட்சி 1801இல் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆர்மேனியரின் வணிகம் நலிந்தது. குடும்பங்கள் பல வேற்றிடம் நாடின. ஊர் மாறிக்கொண்டேயிருந்த மக்கட்கு நடுவே மாறாது நின்றவராய் வாழ்ந்து, 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் மறைந்தார். தாம் பணியாற்றிய தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

ஆர்மேனிய இதழியலின் தந்தை என்று அவர்தம் இனத்தார் அவரைப் போற்றுகின்றனர். அஸ்தரார் தோன்றிய அக்டோபர் 16ஆம் நாள் ஆர்மேனியக் குடியரசில் இதழியல் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. இன்று சென்னையில் ஆர்மேனியச் சமூகம் என்று சுட்டத்தக்க அளவில் மக்கள் இல்லை. கல்கத்தா ஆர்மேனியரே தேவாலயத்தைப் பேணி வருகின்றனர். கல்லறைகளின் மேல் அவ்வெழுத்துகள் மட்டும் மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கின்றன.

முடிவுரை

சுமவோனின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. ஒன்று, இழப்பு எத்துணைப் பெரிதாயினும் அது கல்வியாக மாறக்கூடும். மக்களை இழந்த தந்தை மொழியைக் கற்றார். கற்ற மொழியைப் பிறர்க்குப் பயன்படுத்தினார். மற்றொன்று, நாடின்றியும் ஒரு மொழி வாழ முடியும். பேசுவோர் கைவிட்டால் நாடிருந்தும் வாழ முடியாது. ஒரு சிறு கூட்டத்துக்காக ஒருவர் எழுத்து வடித்து அச்சேற்றினார். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியைத் துறை எடுத்துப் பயிலும் நாம் அதற்கு என்ன செய்துள்ளோம் என்னும் வினா நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது.

பர்மாவிலிருந்து வந்தோரின் பேரப்பிள்ளைகளும், இலங்கையினின்றும் போருக்கு அஞ்சி வந்தோரின் பிள்ளைகளும் இந்நாட்டு வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் இல்லங்களில் முதியோர் சொல்லும் கதைகள் எழுதப்பெறாமலே மறைந்து வருகின்றன. மாணவர்கள் அவற்றைக் கேட்டு எழுதி வைப்பார்களாயின், அதுவே சுமவோனுக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றியாகும். இல்லையேல், ஆர்மேனியக்காரர் அரண்மனைக்காரர் ஆனதைப்போல், நம்மவர் வரலாறும் பொருள் தெரியாத ஒரு தெருப்பெயராக மட்டுமே எஞ்சும்.