காலத்தே அறிதல்: ஐடா ஸ்கடர் அம்மையார் சரிதம்

மருத்துவ உலகில் பெயர் நிறுவிய பெரியோர் பலராவர். அவருள் புதிய மருந்து கண்டவர் சிலர். புதிய ரணசிகிச்சை முறையை வகுத்தவர் சிலர். நோயாளியின் அருகில், அறிந்த ஒருவர் வேளை தவறாமல் நிற்றல் வேண்டும் என்னும் ஒரு கருத்தையே தம் வாழ்நாள் முழுவதும் செயலாக்கிய பெருமை டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு உரியது. வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தவர் என்று அவரை யாவரும் அறிவர். ஆயினும், அவர் வாழ்வு திரும்பிய இடம் வேலூர் அன்று. மரக்காணம் உப்பளக் கரைக்கு மேற்கே உள்ள திண்டிவனமேயாம். நோயாளியின் நிலை சீர்கெடுவதை முன்னரே அறிவதற்கு இன்று ஆஸ்பத்திரிகளில் முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்னும் ஒரு முறை வழங்குகின்றது. அம்முறையின் உட்பொருளை விளக்குதற்கு இவ்வம்மையார் சரிதத்தினும் தக்கது வேறில்லை எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

ஸ்கடர் குடும்பம் மருத்துவக் குடும்பம். பாட்டனாராகிய டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ம் ஆண்டு அமெரிக்காவினின்று கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கித் தொண்டு செய்து, 1836-ல் சென்னைக்கு வந்தவர். அவர் மைந்தரும் அதே பெயருடையவர். அதே தொழிலை மேற்கொண்டவர். அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் கடைக்குட்டியாக, 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். அவருக்கு ஏழு வயது நிரம்புமுன் தாது வருஷப் பஞ்சம் இந்நாட்டைச் சூறையாடியது. பசித்து வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைப் பகிர்ந்தளிக்கும் வேலை அச்சிறுமிக்கும் வாய்த்தது. வளர்ந்தபின் அமெரிக்காவில் நார்த்பீல்டு என்னும் ஊரில் கல்வி பயின்றார். அந்நாளில் இந்தியாவுக்குத் திரும்பி உழைக்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இருந்ததில்லை. அமெரிக்காவிலேயே இனிய இல்வாழ்க்கை நடத்த வேண்டும் என்பதே அவர் விருப்பமாயிருந்தது. 1890-ல் தாயார் நோயுற்றமையால், அவருக்குத் துணையாகச் சிறிது காலம் மட்டும் இருந்து மீள்வதாகவே திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அக்காலத் திண்டிவனம் தாலூக்கா தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அதன் கீழ்க்கோடியே மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் இக்கரையிலேயாம். கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பும், அதனை ஒட்டிய உப்பளங்களும், அளங்களில் வெயிலில் நின்று வாரும் ஆண் பெண் தொழிலாளரும், மீன்பிடி குப்பங்களும் நிறைந்த நாடு அது. இத்தகைய ஊர்களில் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு என்பது வீட்டினுள் மருத்துவச்சியின் கையில் நடந்தேறும் காரியம். ஆண் வைத்தியர் ஒருவர் உள்ளே புகுதல் பல குடும்பங்களில் வழக்கத்துக்கு மாறானது. பெண் வைத்தியரோ இல்லை.

இந்நிலையில் ஒரு நாள் இரவு அது நிகழ்ந்தது. பிராமணர் ஒருவர் ஸ்கடர் பங்களாவுக்கு விரைந்து வந்து, தம் இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகவும், ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையாரே வைத்தியர் என்று ஐடா கூறினார். அன்னிய ஆடவரை வீட்டினுள் விடுதல் இயலாது என்று வந்தவர் திரும்பிச் சென்றார். அவ்விரவே இஸ்லாமியர் ஒருவரும், பின்னர் வேறோர் இந்துவும் அதே வேண்டுகோளோடு வந்து, அதே விடையைப் பெற்று அகன்றனர். பொழுது விடிந்ததும் தெருவில் சாப்பறை ஒலித்தது. ஆளனுப்பி விசாரித்ததில் அம்மூன்று பெண்களும் இறந்தனர் என்பது தெரியவந்தது. அந்த ஓர் இரவு ஐடாவின் முந்தைய எண்ணங்களையெல்லாம் அழித்துவிட்டது. மருத்துவம் கற்று இந்நாட்டுப் பெண்களுக்கே உழைப்பதென அவர் உறுதி பூண்டார்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பெரும்பாலும் அவரது மனமாற்றத்தை வியந்து நின்றுவிடுகின்றனர். நாம் இங்கே வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். அம்மூன்று வீட்டாரும் அபாயத்தை உணர்ந்தே இருந்தனர். உணர்ந்து, இருளில் ஓடியும் வந்தனர். வந்து உதவத் தகுந்தவர் ஒருவரும் இல்லை என்பதே அன்று நேர்ந்த குறை. நோயின் குறியை அறிதல், அறிந்ததும் அழைத்தல், அழைத்ததும் தக்கவர் வருதல் என்னும் மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். இவற்றுள் ஒன்று அறினும் ஏனைய இரண்டும் பயனற்றுப் போம்.

அமெரிக்காவுக்கு மீண்ட ஐடா, 1895-ல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின் நியூயார்க்குக் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பெண்கள் பட்டம் பெற்ற முதற் குழுவினருள் அவரும் ஒருவர். ஷெல் என்னும் செல்வர், மறைந்த தம் மனைவியார் நினைவாக ஈந்த 10,000 டாலர் நன்கொடையோடு, 1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். சில மாதங்களுக்குள் தந்தையார் காலமாகவே, அவரருகில் இருந்து தொழில் பழகலாம் என்றிருந்த இளம் வைத்தியர் தனித்து நிற்க நேர்ந்தது. ஒரே படுக்கையுடைய சிற்றறையில் தொண்டு தொடங்கிற்று. இரண்டாண்டுகளில் 5,000 பேருக்குச் சிகிச்சை செய்தார். 1902-ல் 40 படுக்கைகளுடைய மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பெற்றது.

ஆஸ்பத்திரி எழுந்தபின் அம்மையாருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. வைத்தியர் ஒருவர், படுக்கைகள் நாற்பது. வைத்தியர் ரணசிகிச்சை அறையில் நிற்கும்போது, வார்டில் ஒரு தாயின் நாடி மெலிந்து விரைவதை யார் காண்பது? இதற்கு விடையாகவே 1909-ல் டீலியா ஹௌட்டன் அம்மையாரின் துணையோடு தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பெண்கள் வீட்டைவிட்டு வெளியே தொழில் செய்தலை ஊரார் இழிவாகக் கருதிய காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத் தாதியர் கல்வியின் முதற்பாடங்களுள் உஷ்ணம், நாடி, சுவாசம் என்னும் மூன்றையும் உரிய வேளையில் அளந்து குறித்தலும் ஒன்று. இப்பழக்கத்துக்கு வழிகாட்டியவர் ஜெர்மனி தேசத்து உண்டர்லிக் என்பார். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சுரத்தை நாள்தோறும் அளந்து, 1868-ல் அவர் வெளியிட்ட நூல், சுரத்தின் ஏற்ற இறக்கமே நோயின் போக்கை உரைக்கும் என்று காட்டிற்று. அதற்குச் சற்று முன்னர் ஆங்கில வைத்தியராகிய ஆல்பட் என்பவர் ஆறங்குல நீளமுள்ள உஷ்ணமானியை அமைத்தார். முன்பு இருபது நிமிஷம் பிடித்த வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தமையால், அது தாதியர் கைக்கு எளிதில் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு வர இயலாதோரைத் தேடி, மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் அம்மையார் குடியாத்தம் சாலை வழியே சென்று, மரநிழலில் வண்டியை நிறுத்தி நோயாளரைப் பார்த்துவந்தார். இதுவும் போதாதென்றுணர்ந்து, 1918-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். முதல் வகுப்பிலிருந்து 14 பேர் 1922-ல் தேறி வெளிவந்தனர். பின்னாளில் பள்ளிப்படிப்புப் போதாது, பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்னும் நிலை வந்தபோது, எழுபது வயதை எட்டிய அம்மையார் அமெரிக்காவெங்கும் சென்று பொருள் திரட்டினார். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிட்டியது. 1946-ல் தாதியர் பட்டப்படிப்பும் தொடங்கிற்று. 1947 முதல் ஆடவரும் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டனர். மணம் புரியாது உழைத்த அம்மையார், 1960-ம் ஆண்டு மே மாதம், தமது 89-ம் வயதில் கோடைக்கானலில் காலமானார்.

நிற்க. அவர் மறைந்து ஏறத்தாழ 37 ஆண்டுகள் சென்றபின், 1997-ல், இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் என்னும் கடற்கரை ஊரிலுள்ள ஜேம்ஸ் பாஜெட் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வைத்தியர்கள் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டனர். ஆஸ்பத்திரியில் திடீரென இதயம் நிற்பதாகக் கருதப்பட்டோர் பலரின் குறிப்பேடுகளில், பல மணி நேரம் முன்னரே நாடியும் சுவாசமும் மாறியிருந்தமை காணப்பட்டது. குறித்தவர் உண்டு, கூட்டிப் பார்த்தவர் இல்லை. இக்குறையை நீக்கவே இம்முறை தோன்றிற்று. 2012-ல் இலண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி இதனை நாடு முழுமைக்கும் ஒரே வடிவில் வகுத்து, 2017-ல் திருத்தியும் வெளியிட்டது.

மரக்காணத்து அளக்காரர் செயலை நோக்கின் இதன் தத்துவம் எளிதில் விளங்கும். பாத்தியில் உப்பு கண்ணுக்குத் தோன்றுமுன்னரே, உப்புநீரின் செறிவை அளவுகருவி கூறிவிடும். ஏறத்தாழ 25 டிகிரி எட்டியதும் உப்பு உறையத் தொடங்கும் என்பதை அறிந்து அவர் ஆயத்தமாவார். அவ்வாறே, உடல் குலைவது வெளிப்படையாகத் தோன்றுமுன் அதன் அளவுகள் நகரத் தொடங்குகின்றன. சுவாசம், இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு, புறத்தேயிருந்து பிராணவாயு கொடுக்கப்படுகின்றதா என்பது, இரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, உஷ்ணம் என்னும் ஏழுக்கும் இயல்பாயிருப்பின் 0 எனவும், இயல்பினின்று விலகுந்தோறும் 3 வரையிலும் மதிப்பெண் இடப்படும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு நோயாளிக்குச் சுவாசம் நிமிஷத்துக்கு 22, அதற்கு 2. நாடி 112, அதற்கு 2. மேல் இரத்த அழுத்தம் 108; அதற்கு 1. உஷ்ணம் 38.3 செண்டிகிரேடு, அதற்கு 1. ஏனையவை இயல்பு. தனித்தனியே நோக்கின் இவற்றுள் எதுவும் அச்சந் தருவதன்று, கூட்டினாலோ 6. கூட்டுத்தொகை 5 ஆனால் வைத்தியரை விரைந்து அழைத்தல் வேண்டும். 7 ஆனால் அவசர சிகிச்சைக் குழுவே வருதல் வேண்டும் என்பது விதி. நேற்றுச் சேர்ந்த இளம் தாதியும், நள்ளிரவில் மூத்த வைத்தியரைத் துயிலெழுப்பத் தயங்கவேண்டுவதில்லை. அவள் அச்சத்தை நீக்கும் சான்று அவள் கையிலுள்ள தாளிலேயே இருக்கின்றது. பெரியோரை அழைக்கக் கூசும் நம் நாட்டு வழக்கத்தில் இதனால் விளையும் நன்மை சிறிதன்று.

இம்முறை பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கும் கருவுற்றோர்க்கும் பொருந்தாது. இளந்தாயின் உடல் இரத்தப்போக்கை நெடுநேரம் தாங்கி, நாடி விரைந்தும் இரத்த அழுத்தம் குறையாது நின்று, பின் ஒருங்கே சரிந்துவிடும். ஆதலின் தாய்மார்க்கெனத் தனி மதிப்பெண் முறை வேண்டுமென இங்கிலாந்தின் தாய்மார் மரண ஆய்வு 2007-ல் வற்புறுத்திற்று. இதனைக் கற்கும்போது திண்டிவனத்து மூன்று இளம்பெண்களை நாம் நினையாதிருத்தல் இயலாது.

எனினும் தாள் மட்டும் உயிர் காவாது. சுவாசத்தை எண்ணாமலே எல்லார்க்கும் ஒரே எண்ணை எழுதிவிடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. முதலில் மாறும் குறிகளுள் சுவாசமே முதன்மையானது. அதுவே மிகுதியும் புறக்கணிக்கப்படுவதும் ஆம். அன்றியும், சரியாக எண்ணி அழைத்தபின் வருவார் இலராயின், திண்டிவனத்து அவ்விரவே மீண்டும் நிகழ்ந்ததாகும். மதிப்பெண் கூறும் முறைகள் பல வந்தும், அழைப்பை ஏற்று வரும் ஆளை அவை படைப்பதில்லை. அத்தகைய ஆட்களைப் படைப்பதிலேயே ஐடா அம்மையாரின் அறுபதாண்டு வாழ்வு செலவாயிற்று.

இன்று அக்கரை பெரிதும் மாறியுளது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடுகின்றது. 2018–20 ஆண்டுகளின் கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் மகவுக்குத் தாய்மார் மரணம் தமிழ்நாட்டில் 54. இந்தியா முழுமைக்கும் 97. ஐம்பத்து நான்கும் ஐம்பத்து நான்கு குடும்பங்களே அன்றோ?

மருத்துவமும் தாதிமையும் பயிலும் மாணவர், கடிகாரத்தை நோக்கி ஒரு முழு நிமிஷம் நோயாளியின் மூச்சை எண்ணும் பொறுமையை முதலிற் பழகுக. வேறு துறை பயில்வோரும் தம் வீட்டில் நோயுற்றார் ஒருவருக்கு மூச்சு விரைந்து, பேச்சுத் தடுமாறக் காணின், விடியட்டும் என்று காத்திராது உதவி தேடுக. பதவியில் மூத்தோர், எந்நேரத்தில் இளையார் அழைப்பினும் முகஞ்சுளியாது எழுந்து செல்க. அம்மையார் பெயரைப் போற்றுதற்கு நாம் கண்ட வழி இதுவே.