பறவை நாடிய பெருமகன்

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வெள்ளாயணியை அடுத்த புஞ்சக்கரி வயல்களை அடையலாம். அங்கே தொலைநோக்கியும் குறிப்பேடுமாகத் திரிவோருடன் நானும் சில ஞாயிறுகளில் சேர்ந்துகொள்வதுண்டு. அவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர் சாலிம் அலி. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஊர் ஊராக ஆராய்ந்தவர் அவர். தமிழ் நண்பர்களும் அவரை அறியட்டும் என்றே எழுதுகிறேன்.

பம்பாயில் 12-11-1896இல் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாகச் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, அஃது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். மில்லார்டு என்னும் வெள்ளையர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எடுத்துக் காட்டினார். அன்று பிடித்த பித்து இறுதிவரை தெளியவில்லை!

பர்மாவில் வாணிகம் நொடித்தது. பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்று 1930இல் திரும்பியபோது வேலையும் இல்லை. அந்நாளில் கிஹிம் என்னும் கடலோர ஊரில் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கினார். ஆண் கூட்டைப் பாதி கட்டும். பெண் வந்து பார்த்து ஏற்றால்தான் முடிக்கும். அவள் அடைகாக்கையில் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொருத்தியை அழைக்கும்! இந்த ஆராய்ச்சியே அவருக்குப் புகழ் தந்தது.

இராசத்தானத்துப் பரத்பூர் ஏரிகள் மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றுபவை. மன்னரின் வேட்டைக்களமாக இருந்தவை. 12-11-1938இல் வைசிராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அன்று சாலிம் அலிக்கு 42ஆம் பிறந்தநாள் என்பது விந்தை! விடுதலைக்குப் பின் ஏரிகளை வயலாக்க வேண்டுமென்ற குரல் எழுந்தது. அவர் நேருவிடம் முறையிட்டுக் காத்தார்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1982இல் அங்கே கால்நடை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. அதுவே அவர் கருத்தும். ஊரார் எதிர்த்தனர், போலீஸ் சுட்டதில் ஏழைகள் சிலர் மாண்டனர். பின்னர், அவர் வளர்த்த கழகமே நடத்திய நெடிய ஆராய்ச்சி என்ன கண்டது தெரியுமா? எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. பறவைகளுக்கே கேடு விளைந்தது. மாண்டவர்களை எந்த அறிக்கை மீட்கும்?

1991இல் வந்த அந்த முடிவைக் காண அவர் இல்லை. 1987 ஜூனில் மறைந்துவிட்டார். இருந்திருந்தால் ஏற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். குருவிக் கூட்டின் முன் அமர்ந்து, கண்ணால் கண்டதை எழுதியவர் அல்லரோ அவர்?